இருபத்தாறு டெசிபல்

பல்லாவரம்,
13-6-1988

ஐயா,

நலம் விசாரிக்க எழுதும் கடிதம் இல்லை இது. உங்களை எனக்குத் தெரியாது. எங்கள் கம்பெனி நோட்டீஸ் போர்டில் கண்ணாடிக்குள் ஒட்டியிருக்கும் ஒரு ரிப்போர்ட்டின் அடியில் ‘சோதித்தவர்: ஏசுதாசன்’ என்று உங்கள் கையெழுத்து இருக்கிறது. உங்கள் கல்லூரியின் விலாசத்தையும் அதிலிருந்துதான் எடுத்தேன்.

என் பெயர் காந்திமதி. பவுடர் டப்பாவுக்கும் பெயிண்ட் டப்பாவுக்கும் தகர மூடி அடிக்கிற கம்பெனியில் பெண்கள் பிரிவுக்கு சூப்பர்வைசர். ஒரே ஷெட்டில் இருபத்திரண்டு பிரஸ் மிஷின். உள்ளே ஒருத்தர் பேசினால் மற்றவருக்குக் கேட்காது, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வோம். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் எல்லாருக்கும் காதில் மாட்ட இயர் மஃப் கொடுத்தார்கள். தலைக்கு மேல் ஒரு வளையம், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கிண்ணம், கிண்ணத்தின் விளிம்பில் மெத்தை. எங்கள் பெண்கள் அதற்குக் ‘கிண்ணி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தக் கிண்ணி சத்தத்தில் இருபத்தாறு டெசிபலைக் குறைக்கும் என்று உங்கள் ரிப்போர்ட் சொல்கிறது.

ஒன்பதாம் நம்பர் பிரஸ்ஸில் எல்லம்மா என்று ஒருத்தி. வேலைக்குச் சேரும்போது நல்ல காது என்று கம்பெனி டாக்டரே எழுதியிருக்கிறார். போன மாதம் ஈ.எஸ்.ஐ. டாக்டர் பார்த்துவிட்டு இரண்டு காதும் மந்தம், மிஷின் சத்தம்தான் காரணம் என்று எழுதினார். எங்கள் மேனேஜர் ராஜகோபால் சார் என்ன சொல்கிறார் தெரியுமா? இருபத்தாறு குறைந்தால் யாருக்கும் காது போகாது, ஆகவே எல்லம்மா கிண்ணியை மாட்டவே இல்லை. பாதுகாப்புச் சாதனத்தை அணியாமல் வேலை செய்தாள் என்று மெமோ கொடுத்துவிட்டார். ஆகஸ்ட் 22-ம் தேதி என்கொயரி. அதில் குற்றம் என்று வந்தால் அவளுக்கு வேலை போகும்.

அவள் மாட்டினாளா என்று பார்த்து ரிஜிஸ்தரில் தினமும் கையெழுத்துப் போடுகிறவள் நான். அவள் ஒரு நாளும் கழற்றியதில்லை. ஆக உங்கள் கையெழுத்து, என் கையெழுத்து இரண்டில் ஒன்று பொய். என்னுடையது பொய்யில்லை.

பதில் போடுங்கள். போன் செய்ய வேண்டாம், போன் மேனேஜர் மேஜைமேல் இருக்கிறது.

காந்திமதி


தாம்பரம்,
18-6-1988

அம்மையீர்,

தங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், பொய்க் கையெழுத்துப் போட்டதாக யாரும் சொன்னதில்லை.

சோதனை எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் லேபில் ஓர் அறை இருக்கிறது. சுவர், கூரை, கதவு எல்லாம் கண்ணாடிப் பஞ்சால் அடைத்தது. உள்ளே போனால் நம் மூச்சே நமக்குக் கேட்கும். அதில் ஓர் ஆளை உட்கார வைப்போம். வெளியிலிருந்து நான் மிகமிகச் சன்னமான ஒரு சத்தத்தை அனுப்பி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவேன். கேட்டதும் அவர் விரலைத் தூக்க வேண்டும். அந்த அளவைக் குறித்துக்கொள்வேன். பிறகு இயர் மஃபை மாட்டிவிட்டு மறுபடியும் அதே. இப்போது கேட்பதற்குக் கூடுதல் சத்தம் தேவைப்படும். எவ்வளவு கூடுதலோ அவ்வளவுதான் அந்த மஃப் தடுத்தது. ஆளுக்கு மூன்று முறை, பத்து ஆள். சராசரி இருபத்தாறு. ஒரு எண்ணைக்கூட நான் கூட்டிப் போடவில்லை.

உங்கள் ஷெட்டில் சுமார் தொண்ணூற்றெட்டு இருக்கலாம். இருபத்தாறு போனால் எழுபத்திரண்டு. அதில் எட்டு மணி நேரம் இருந்தாலும் காது கெடாது. இதுவும் உண்மை.

ஆகவே தவறு அணிகிற முறையில் இருக்கலாம். மெத்தை கிழிந்திருக்கிறதா, வளையம் தளர்ந்திருக்கிறதா, பெண்கள் சரியாக மாட்டுகிறார்களா என்று பாருங்கள். ‘குறையவில்லை’ என்று காதை வைத்துச் சொல்வது அளவு ஆகாது.

இப்படிக்கு,
ஏசுதாசன்


பல்லாவரம்,
27-6-1988

ஏசுதாசன் சார்,

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உங்கள் கிண்ணிக்குத் தடுக்கத் தெரியவில்லை, எங்கள் பெண்களுக்கு மாட்டத் தெரியவில்லை என்கிறீர்கள். மெத்தை கிழியவில்லை. வளையம் தளரவில்லை. மாட்டுவதற்கு என்ன சார், பி.எஸ்ஸி. படித்திருக்க வேண்டுமா?

காதை வைத்துச் சொன்னால் அளவு ஆகாது என்றீர்களே, நீங்களும் காதை வைத்துத்தானே அளந்திருக்கிறீர்கள்? ஆள் விரலைத் தூக்கினான், நீங்கள் எழுதினீர்கள். அதை நான் செய்யக் கூடாதா என்று தோன்றியது. செய்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லா மிஷினையும் நிறுத்துவார்கள். ஸ்டோர் ரூமில் ஓரடி ஓரடியாகச் சதுரக் கல் பதித்திருக்கிறது. என் டைம்பீஸை வீட்டிலிருந்து கொண்டுபோனேன். ஆளை ஸ்டூலில் உட்கார வைத்து, டிக் டிக் சத்தம் கேட்காமல் போகும் வரை டைம்பீஸோடு பின்னோக்கி நடந்தேன். எத்தனை கல் என்று எண்ணினேன். பிறகு கிண்ணியை மாட்டி மறுபடியும். இடையில் ஏரோப்ளேன் போனால் நிறுத்திக்கொண்டேன். மீனம்பாக்கம் பக்கத்தில் இருந்துகொண்டு இதில் மட்டும் தப்ப முடியாது.

ஃபிட்டர் பொன்னுசாமிக்கு வெறுங்காதில் பதினான்கு கல். கிண்ணியோடு ஒரு கல்கூட இல்லை, மூக்குக்கு நேரே பிடித்தால்தான் கேட்கிறது. வாட்ச்மேனுக்கும் அப்படியே. நல்ல கிண்ணிதான் என்று எனக்கே ஆச்சரியம். அப்புறம் தையல்நாயகியை உட்கார வைத்தேன். இருபது வயது, நாய் காது அவளுக்கு. வெறுங்காதில் பதினான்கு. கிண்ணியோடு ஐந்து. இன்னும் மூன்று பெண்கள், நாலு கல், ஐந்து கல், ஐந்து கல். எல்லம்மாவுக்கு வெறுங்காதிலேயே நாலுதான் வந்தது. அதையும் குறித்துக்கொண்டேன்.

ஆண் காதுக்கு நன்றாக உழைத்து, பெண் காதுக்கு ஏமாற்றுகிற கருவி ஏதாவது உங்கள் சாஸ்திரத்தில் உண்டா? மட்டமான சரக்கை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்கள் என்பது என் சந்தேகம்.

காந்திமதி


தாம்பரம்,
1-7-1988

அன்புச் சகோதரி,

மன்னிக்க வேண்டும். போன கடிதத்தில் இருந்த என் தொனிக்கு.

உங்கள் கல் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். தூரம் பாதியானால் சத்தம் சுமார் ஆறு டெசிபல் கூடும். பதினான்கு கல் ஐந்தாகக் குறைந்தால், கிண்ணி தடுத்தது ஒன்பது டெசிபல். மூக்குக்கு நேரே என்பதை முக்கால் கல் என்று வைத்துக்கொண்டால், பொன்னுசாமிக்கு இருபத்தைந்து. அதாவது பொன்னுசாமி விஷயத்தில், எங்கள் பஞ்சு அறையும் பெரிய மிஷினும் சொன்னதை உங்கள் டைம்பீஸ் ஏறக்குறைய அப்படியே சொல்லிவிட்டது. நான் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். அப்படியானால் தையல்நாயகியின் ஒன்பதையும் நான் தள்ளிவிட முடியாது.

ஆனால் குறைகள் இருக்கின்றன, சொல்லத்தான் வேண்டும். நீங்கள் நடப்பதை அவர்கள் பார்த்தார்களா? கண்ணைக் கட்டுங்கள். நடந்துகொண்டே கேட்காதீர்கள், நின்று கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், காலை முழுவதும் மிஷினில் நின்ற காது மதியம் மரத்துப்போயிருக்கும். காலையில் ஷிப்டுக்கு முன் செய்யுங்கள். பொன்னுசாமியின் கிண்ணியைத் தையல்நாயகிக்கும், அவளுடையதை அவருக்கும் மாற்றி மாட்டிப் பாருங்கள். சரக்கு மட்டமா இல்லையா என்பது அப்போது தெரிந்துவிடும்.

எனக்குத் தோன்றும் ஒரே காரணம் கூந்தல். மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே முடி புகுந்தால் சந்து விழும். எங்கள் பத்துப் பேரும் ஹாஸ்டல் பையன்கள். டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்தால் வந்து உட்காருவார்கள். பெண் யாரும் இல்லை.

பிரிவுத் தலைவரிடம் இதை இன்னும் சொல்லவில்லை. முடிவை உடனே எழுதுங்கள். தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஏசுதாசன்


பல்லாவரம்,
11-7-1988

ஏசுதாசன் சார்,

ஒரு வாரம் காலை ஆறரை மணிக்கே போய்விட்டேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். கண்ணைக் கட்டினேன், நின்று கேட்டேன். நீங்கள் சொன்னபடி கிண்ணியை மாற்றினேன். பொன்னுசாமிக்குப் பெண்கள் கிண்ணியும் நன்றாகத் தடுத்தது. தையல்நாயகிக்குப் பொன்னுசாமியின் கிண்ணியும் ஏமாற்றியது. ஆக, சரக்கு மட்டமில்லை. ஒரு பழியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கூந்தல் என்றீர்கள். கொண்டையைத் தூக்கிக் கட்டினோம். ஐந்து கல் நாலாகியது, அவ்வளவுதான். எனக்குச் சலித்துப்போனது. வியாழக்கிழமை, வந்தது வரட்டும் என்று பாக்கிங்கில் இருக்கிற ஞானம்மாளை உட்கார வைத்தேன். பெண்தான், இடுப்பு வரை முடி. வெறுங்காதில் பதின்மூன்று கல். கிண்ணியோடு ஒரு கல்கூட இல்லை.

மூன்று முறை செய்தேன். மாறவே இல்லை. இவள் மட்டும் என்ன பொன்னுசாமிக்குத் தங்கையா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள்தான் கேட்டாள், “இன்னாக்கா, எம்மூஞ்சில இன்னா கீது?” அப்போதுதான் உறைத்தது. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. காதிலும் ஒன்றும் இல்லை. ஞானம்மாள் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவள். அவர்கள் நகையே போட மாட்டார்கள்.

தோடு சார். மற்ற எல்லார் காதிலும் தோடு, அதன் கீழே ஜிமிக்கி, பின்னால் திருகு. கனத்தில் காது இறங்கி மெத்தைக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. எல்லம்மாவுக்குக் கிண்ணியை மாட்டிவிட்டு விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தேன். ஒரு தீக்குச்சி தாராளமாக நுழைகிறது. இத்தனை நாளாக அந்தச் சந்து வழியாகத்தான் இருபத்திரண்டு மிஷினும் அவள் காதுக்குள் போயிருக்கிறது.

காந்திமதி


தாம்பரம்,
18-7-1988

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தை என் மனைவி கிருபாவிடம் படித்துக் காட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டாள். சனிக்கிழமை மதியம் லேபில் யாரும் இல்லாத நேரம் அவளையே பஞ்சு அறையில் உட்கார வைத்தேன். தோட்டோடு பதினொன்று. தோடு இல்லாமல் இருபத்தைந்து. ஒரே ஆள், ஒரே மஃப், அரை மணி நேரத்துக்குள். இந்த வேலையில் இவ்வளவு சந்தோஷமாக நான் ஓர் எண்ணை எழுதியதே இல்லை. கதவைத் திறந்ததும் அவளிடம்தான் முதலில் சொன்னேன். “அதுக்கு ஏன் இப்படி வேர்த்துக்கொட்டுது உங்களுக்கு” என்றாள்.

காரணம் எளிது. குடத்தில் ஊசி முனை ஓட்டை விழுந்தாலும் ராத்திரிக்குள் தண்ணீர் போய்விடும், மீதிக் குடம் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் பயனில்லை. சத்தமும் அப்படித்தான்.

சோதனை விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினேன். ‘சோதனைக்கு உட்காருகிறவர் கண்ணாடி, காதணி ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும்’ என்றே இருக்கிறது. ஆக, என் ரிப்போர்ட்டிலும் பிழை இல்லை, உங்கள் ரிஜிஸ்தரிலும் பிழை இல்லை. இரண்டு கையெழுத்தும் உண்மை. எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று உங்களுக்குத் தெரியாது.

வழியும் சுலபம். எல்லம்மாவையும் மற்றவர்களையும் ஷிப்டு நேரத்தில் மட்டும் தோட்டைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். விஷயம் முடிந்தது.

ஏசுதாசன்


பல்லாவரம்,
25-7-1988

ஏசுதாசன் சார்,

விஷயம் முடிந்தது என்று எழுதியிருந்தீர்கள். முடிந்துதான் விட்டது, எல்லம்மாவுக்கு.

தப்பு என் மேல். உங்கள் கடிதம் வந்த சந்தோஷத்தில் நேரே மேனேஜர் ரூமுக்குப் போய்த் தோட்டு விஷயத்தைச் சொன்னேன். மனிதர் கேட்டு மெமோவைக் கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது. அவர் சிரித்துக்கொண்டே, “அப்ப தோட்டைப் போட்டுக்கிட்டு வந்தது அவ தப்புதானே மேடம்” என்றார். மறுநாள் நோட்டீஸ் போர்டில் உங்கள் ரிப்போர்ட்டுக்குப் பக்கத்திலேயே புது நோட்டீஸ். பெண்கள் காதணியைக் கழற்றிவிட்டுத்தான் ஷெட்டுக்குள் வர வேண்டும். எல்லம்மாவின் மெமோவில் ஒரு வரி கூடியிருக்கிறது, சாதனம் வேலை செய்யாதபடி நகை அணிந்தாள் என்று.

கழற்றி வைக்கச் சொல்லுங்கள் என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். கிருபா அம்மாள் உங்களுக்காக அரை மணி கழற்றினார்கள். எட்டு மணி நேரம், நாற்பது ஆண்களுக்கு நடுவில், புருஷன் இருக்கிறவள் மூளிக்காதோடு நிற்பது வேறு. எல்லம்மாவின் புருஷன் மூன்று வருடமாக எங்கே என்றே தெரியாது. நான் அவளிடம் ஜாடையாகக் கேட்டேன். என்னை ஏறிட்டுப் பார்த்தாள். “அந்த ஆளு எங்கியோ உசுரோட கீறான்னு ஊருக்குச் சொல்றது இந்தத் தோடு ஒண்ணு தான்க்கா. இத்தக் கயட்டிட்டா நானே அவனக் கொன்ன மாதிரி” என்றாள்.

எனக்கு ஒரே ஒரு காகிதம் வேண்டும். உங்கள் சோதனை வெறுங்காதுப் பையன்கள் பத்துப் பேரை வைத்துச் செய்தது, தோடு போட்ட பெண் காதில் பதினொன்றுதான் தடுக்கிறது என்று உங்கள் கையெழுத்தோடு. என்கொயரிக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. அது முடியாது என்றால் இனிமேல் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

காந்திமதி


தாம்பரம்,
16-8-1988

சகோதரி காந்திமதிக்கு,

மூன்று வாரமாகப் பதில் போடவில்லை. நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். காரணங்கள் இருந்தன. அந்த மஃப் கம்பெனி எங்கள் லேபுக்கு வேலை கொடுக்கிற கம்பெனி. பிரிவுத் தலைவர், விதிமுறைப்படிதானே செய்தாய், தோண்டாதே என்றார். இதையெல்லாம் எழுதி உங்களிடம் மன்னிப்புக் கேட்டு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

ஆனால் உண்மைக் காரணம் அது இல்லை. பெண் யாரும் இல்லை என்று ஜூலை மாதம் உங்களுக்கு எழுதினேன். அது பொய்.

அந்தச் சோதனையின்போது பத்தாவது பையன் வரவில்லை. லேபைப் பெருக்குகிற கங்கையம்மாளை உட்காரச் சொன்னேன். விதிப்படி தோட்டைக் கழற்றச் சொல்லியிருக்க வேண்டும். அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குக் கூச்சம். சொல்லவில்லை. பத்து வந்தது. மூன்று முறையும் பத்து. பாவம், அவருக்கு விரல் தூக்கத் தெரியவில்லை என்று நினைத்தேன். சராசரியைக் கெடுக்கிறது என்று அந்த வரியை அடித்துவிட்டு, மறுநாள் வேறு பையனை உட்கார வைத்தேன். ஏன் பத்து வந்தது என்று நான் ஒரு நிமிஷம் கேட்டிருந்தால், உங்கள் எல்லம்மா அந்தக் கிண்ணியை நம்பி ஒன்றரை வருடம் நின்றிருக்க மாட்டாள். காது என்ன சொல்கிறது என்று கேட்பதுதான் என் வேலை. கங்கையம்மாளின் காது சொன்னதை நான் நம்பவில்லை.

இத்துடன் இரண்டு காகிதம் இருக்கிறது. ஒன்று கிருபாவின் சோதனை. மற்றது நோட்டுப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் நகல், அடித்த வரியோடு. இரண்டிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கல்லூரி முத்திரை கிடையாது, கேட்டால் கொடுக்க மாட்டார்கள். அன்றைக்கு நேரில் வர எனக்குத் தைரியம் இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஏசுதாசன்


பல்லாவரம்,
23-8-1988

ஏசுதாசன் சார்,

கோபத்தை முதலில் தீர்த்துக்கொள்கிறேன். அடித்த அந்த வரியைப் பார்த்ததும் உங்கள் கடிதத்தைச் சுருட்டி மூலையில் எறிந்தேன். பிறகு நானே எடுத்து நீவிவிட்டேன். ஒளித்து வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

நேற்று என்கொயரி நடந்தது. விசாரிக்க வந்தவர் வெளி வக்கீல், வயதானவர். உங்கள் காகிதங்களைக் கொடுத்தேன். முத்திரை இல்லாத காகிதம், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று மேனேஜர் தள்ளினார். வக்கீல் கண்ணாடியை ஏற்றிவிட்டு அடித்த வரியையே வெகுநேரம் பார்த்தார். தனக்குப் பாதகமாக யாரும் பொய் எழுத மாட்டார்கள் என்றார். ஆனாலும் கண்ணால் பார்க்க வேண்டும், முடியுமா என்று கேட்டார்.

டைம்பீஸ் என் பையில் இருந்தது. ஆனால் ஒரே ஆளைத் தோட்டோடும் தோடில்லாமலும் உட்கார வைத்தால்தானே நம்புவார்கள்? யாரைக் கேட்பது? யாரையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மிஷின் நின்றதும் ஸ்டோர் ரூமில் நானே உட்கார்ந்தேன். பொன்னுசாமி டைம்பீஸைப் பிடித்தார். தோட்டோடும் கிண்ணியோடும் நாலு கல். பிறகு அத்தனை ஆண்களுக்கும் முன்னால் என் தோட்டில் கை வைத்தேன். பத்தொன்பது வருடம் கழற்றாத தோடு, திருகு அசையவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டுப் பொன்னுசாமி சின்னப் பிளையரால் திருப்பினார். ராஜகோபால் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெறுங்காதில் கிண்ணியை மாட்டியபோது டைம்பீஸ் முகத்தருகே வந்த பிறகுதான் கேட்டது. எனக்கு அழுகை வந்தது, அவமானத்தாலா சந்தோஷத்தாலா என்று கேட்காதீர்கள்.

வக்கீல் தீர்ப்பு எழுதிவிட்டார். குற்றச்சாட்டு ‘அணியவில்லை’ என்பது. அவள் அணிந்திருக்கிறாள். தோட்டைக் கழற்று என்று ஜூலை வரை யாரும் அவளிடம் சொல்லவில்லை. மெமோ ரத்து. எல்லம்மா அதே சம்பளத்தில் பாக்கிங்குக்கு மாறுகிறாள். நோட்டீஸைப் பெண்களில் ஒருத்தியும் மதிக்கவில்லை. கடைசியில் காதுக்குள் செருகும் ரப்பர் அடைப்பான் வாங்க ஒத்துக்கொண்டார்கள். அதில் தோட்டுத் தொந்தரவு இல்லையாமே? ஆனால் இந்தத் தடவை மாட்டப்போகிறவர்கள் காதில் சோதித்த பிறகுதான் வாங்க வேண்டும் என்று நான் உட்கார்ந்துவிட்டேன். கம்பெனியிலிருந்து உங்கள் லேபுக்குக் கடிதம் வரும்.

நீங்கள் வந்திருக்கலாம். காகிதம் மட்டும்தான் வந்தது.

காந்திமதி


தாம்பரம்,
19-9-1988

அன்புச் சகோதரி,

காய்ச்சல் இறங்கிவிட்டதா? நேற்று உங்களைப் பார்க்க முடியாதது எனக்கு ஏமாற்றம்தான். ஞானம்மாள்தான் சோதனைக்கு உங்கள் பெண்களைத் தாம்பரத்தில் பஸ் மாற்றி அழைத்து வந்தாள்.

பிரிவுத் தலைவர் பத்து நாள் என்னோடு பேசவில்லை. உங்கள் கம்பெனிக் கடிதம் வந்ததும் என் மேஜையில் வைத்து, நீ ஆரம்பித்தது, நீயே முடி என்று சொல்லிவிட்டுப் போனார். மஃப் கம்பெனி வேறு லேபுக்குப் போய்விட்டது. முடிவை முதலில் சொல்கிறேன். பத்துப் பெண்கள், எல்லாரும் தோட்டோடு, காதுக்குள் ரப்பர் அடைப்பான், ஆளுக்கு மூன்று முறை. சராசரி பத்தொன்பது. இருபத்தாறு இல்லை, ஆனால் இது உங்கள் ஷெட்டிலும் பத்தொன்பதாகவே இருக்கும். யார் காதில் என்ன அணிந்திருந்தார்கள் என்று ரிப்போர்ட்டில் தனியாகக் குறித்திருக்கிறேன். ஒருவரையும் அடிக்கவில்லை.

எல்லம்மாவின் பெயர் பட்டியலில் இல்லை. நல்ல காது உள்ளவர்களைத்தான் இந்தச் சோதனைக்கு எடுக்க முடியும். ஆனாலும் வந்திருந்தாள். தனக்கு எதிராகச் சாட்சி சொன்ன ரூமைப் பார்க்க வேண்டும் என்றாள். எல்லாரும் முடித்த பிறகு உள்ளே உட்கார வைத்தேன். சத்தம் எதையும் அனுப்பவில்லை, சும்மா இருந்து பார்க்கட்டும் என்று கதவைச் சாத்தினேன். மற்றவர்களைப் பார்த்திருந்ததால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கதவில் பதித்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், விரலைத் தூக்கினாள். என் மிஷினைப் பார்த்தேன், முள் பூஜ்யத்தில் இருந்தது. தூக்கிய விரலை அவள் இறக்கவே இல்லை.

கதவைத் திறந்தேன். “இங்கியும் பிரஸ்ஸு ஓடிக்கினு கீது சார். எங்க வூட்டாண்டயும் ராவும் பகலும் இப்படித்தான் கேக்குது. பக்கத்துல பட்டற கீது, அவன்தான் நிறுத்த மாட்றான்னு போய் சண்ட போட்டுட்டு வந்தேன்” என்றாள்.

உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். அடி வாங்கிய காதில் அந்தச் சத்தம் உள்ளேயே தங்கிவிடும், வெளியே எல்லாம் அடங்கினாலும் அது ஓடும். அதைத் தடுக்க மஃப் இல்லை, அடைப்பான் இல்லை. எவ்வளவு என்று அளக்க என்னிடம் கருவியும் இல்லை. எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் அவளிடம், கதவு சரியாகச் சாத்தவில்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய் பஸ் ஏறிவிட்டாள். அந்தப் பட்டறைக்காரரோடு மறுபடியும் சண்டைக்குப் போவாள்.

நான் பார்த்தும் எழுதாமல் விட்ட இரண்டாவது அளவு இது. அவளிடம் இதைச் சொல்லும் வேலையைக் கடிதம் மூலம் உங்கள் தலையில் கட்ட மாட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ரயிலேறிப் பல்லாவரம் வருகிறேன். என் முகத்தைப் பார்த்தபடியே அவள் கேட்கட்டும், நானே சொல்கிறேன். அவள் வீட்டுக்கு வழி மட்டும் எழுதுங்கள்.

ஏசுதாசன்